படத்தில் இல்லாத கறுப்பு வேட்டி

இந்தக் காலத்தில் ஒருத்தனும் கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டால் வெப்சைட்டில் போட்டிருக்கிறோம் என்கிறான். பஸ் எப்போது என்றால் வெப்சைட்டைப் பார் என்கிறான். எதிரே நிற்கிற மனுஷனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வலிக்கிறது. கண் தெரியாதவன் என்ன செய்வான் என்று கேட்டால், அதற்கும் வசதி செய்திருக்கிறோம் என்று ஒரு சிரிப்பு வேறு. செய்திருப்பார்கள். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டிவிட்டு அதன்மேல் பூந்தொட்டி வைக்கிற ஆட்கள்தானே.

நான் அழகியநம்பி. நாங்குநேரிப் பக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருவனந்தபுரத்தில் வஞ்சியூர் கோர்ட் வக்கீல்களுக்காக வண்டி விபத்துக் கேஸ்களில் துப்பு விசாரிக்கிறவன். யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், அதுதான் என் மூலதனம். நான் விசாரித்ததை எழுதிக் கொடுப்பது பாகீரதி மாமி. கரமனை அக்கிரகாரத்து ஆள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தெரியும். மூன்றிலும் வாய் நீளம்.

அன்று காலை நாங்கள் இரண்டு பேரும் பாளையத்தில் ஒரு மாடியில், பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற இடத்தில், ஜெபமலர் என்ற பெண்ணின் முன்னால் நின்றோம். அங்கே சொல்லிக் கொடுக்கிறவள் அவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. இருக்கிறது ஒரே தம்பி, மகேஷ்குமார். அவன் ஜெயிலில் இருந்தான்.

விஷயம் இதுதான். மலையோர சஞ்சார வாரியம் என்று சுற்றுலாவுக்கு ஒரு ஆபீஸ். கல்லாறு என்ற மலையூரில் ஆற்றங்கரை வரை சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு சரிவுப் பாதை கட்டினார்கள். கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், அங்கே வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து போன பிச்சைக்கனி என்ற கூலிக்காரரை வாரியத்தின் வெள்ளை ஜீப் பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. ஓட்டியது யார் என்று அவர் பார்க்கவில்லை. ஜீப்பின் டிரைவர் மகேஷ்குமார் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டான். இரண்டு வாரம் ஜெயிலில் கிடந்த பிறகு பேச்சை மாற்றினான். ஓட்டியது உதவி இயக்குநர் நாகேஸ்வரன் சார், பழியை நீ ஏற்றுக்கொள், வெளியே எடுத்துவிடுகிறேன் என்று அவர்தான் சொன்னார் என்றான். நாகேஸ்வரனோ அன்று கல்லாற்றுப் பக்கமே போகவில்லை என்கிறார்.

சாட்சி என்ன என்று கேட்டதற்கு மகேஷ் ஒன்று சொன்னான். ஜீப் கிளம்பக் கொஞ்ச நேரம் முன்னால் வாரியத்தின் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார், சார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்க எடுத்தார், அது வெப்சைட்டில் இருக்கிறது. போலீஸ் வெப்சைட்டைத் திறந்து பார்த்தது. வெறும் சரிவுப் பாதை. ஜீப்பும் இல்லை, மனுஷனும் இல்லை. போட்டோக்காரர் அப்படி ஒரு படமே எடுக்கவில்லை என்று கையை விரித்தார். அத்தோடு போலீஸ் வேறு யாரையும் கேட்கவில்லை. மகேஷின் வக்கீல் ஆபீசில் நானும் என் கண்ணால் பார்த்தேன். பையன் இரண்டு தரம் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்த வாரத்துக்குள் குற்றப்பத்திரிகை வந்துவிடும், வந்தால் அவன் கதை முடிந்தது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இப்போது இந்தப் பெண், அந்தப் படத்தில் ஆள் இருக்கிறது என்கிறாள்.

இவளுக்கு நிஜமாகவே கண் தெரியாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். சத்தம் இல்லாமல் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன்.

"விசிறாண்டாம் அண்ணாச்சி. மேல ஃபேன் ஓடுது" என்றாள் ஜெபமலர்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் திரை எல்லாம் அணைத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் உறையே கழற்றவில்லை. எங்களுக்கு எதுக்கு, கரண்டுக்குத் தண்டம் என்றாள் ஜெபமலர். எனக்காக ஒரு திரையைத் துடைத்துப் போட்டார்கள். அதே வெறும் பாதை. அவள் விரல்கள் தட்ட, பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசியது. ஏலக்கடைக்காரன் கூடக் கொஞ்சம் நிறுத்துவான்.

மாமியின் முகம் மாறியது. மறுபடி போடச் சொன்னாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: சிமெண்டுச் சரிவுப் பாதை. அதன்மேல் ஒரு கூலிக்காரர் ஈரச் சாக்கில் வாளித் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்தில் வெள்ளை ஜீப். டிரைவர் சீட்டில் கறுப்பு வேட்டி உடுத்து, மாலை போட்டு, தாடி வைத்த ஒருவர். பின் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட இளைஞர்.

பார்வை இல்லாதவர்கள் வெப்சைட்டைப் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு படத்தோடும் அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சேர்த்து வைக்க வேண்டுமாம். அந்த எழுத்து நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரிக் குரல்பெட்டிதான் எடுத்துப் படிக்கும்.

"எனக்க தம்பி வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன் அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர். "சபரிமலைக்கு மாலை போடுவானா? டிரைவர் சீட்டுல இருந்தது அவன் இல்ல. பின்னால இருந்ததுதான் அவன்."

நான் யோசித்தேன். கண் இருக்கிறவன் ஒன்றைப் பார்க்கிறான், காது மட்டும் இருக்கிறவள் வேறொன்றைக் கேட்கிறாள். இரண்டில் ஒன்று பொய். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவள், தம்பி ஜெயிலில் இருக்கிறான். இவளே எழுதிச் சேர்த்திருந்தால்? அவள் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டேன். மாமி என் காலை மிதித்தாள். ஜெபமலர் கோபப்படவில்லை. எதிர்த்தாற்போல் பிரவுசிங் சென்டர் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள், நான் அங்கே போனதே இல்லை என்று மட்டும் சொன்னாள்.

போனோம். அங்கே குரல்பெட்டி கிடையாது. மாமி அந்தப் படத்தைத் திறந்து, அம்புக்குறியைப் படத்தின்மேல் கொண்டுபோய் அசையாமல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் முளைத்தது. உள்ளே பொடி எழுத்து. வாசித்தாள். கறுப்பு வேட்டி, மாலை, தாடி. வார்த்தைக்கு வார்த்தை அதே.

"அண்ணாச்சி, நீங்க முறைச்சுப் பாத்தா அது பயந்துண்டு மறைஞ்சுடும். கொஞ்சம் சாந்தமா பாருங்கோ" என்றாள் மாமி.

எழுத்து வாரியத்தின் வெப்சைட்டில்தான் இருக்கிறது. அப்படியென்றால் படம்தான் மாறியிருக்கிறது. ஆனால் கறுப்பு வேட்டியும் தாடியும் மண்டல காலத்தில் ஊரெல்லாம் உண்டு. அது நாகேஸ்வரன்தான் என்று அந்த மஞ்சள் கட்டம் சொல்லவில்லை.

மாமியை இழுத்துக்கொண்டு நேரே வாரிய ஆபீசுக்குப் போனேன். வாசலில் சரிவுப் பாதை இருந்தது, அதன்மேல் இரண்டு பைக்குகள் நின்றன. நாகேஸ்வரன் உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார். நல்ல மரியாதைக்காரர். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. அன்று முழுக்க இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றார். கேட்காமலேயே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல ஆரெங்கிலும் உண்டா? நீங்களே நோக்குங்க" என்றார்.

நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தின் மேல்பாதி வெயிலில் கறுத்திருந்தது. தாடையிலிருந்து கீழே வெளுத்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. மாமியின் பார்வை மேசைமேல் இருந்தது. பேனாக்களைப் போட்டு வைத்திருந்தது ஒரு சபரிமலை அரவணைப் பாயச டப்பா.

"இந்த வருஷத்து அரவணையாக்கும்? எங்காத்துக்கு இன்னும் வந்து சேரலை" என்று மாமி ரொம்ப ஏக்கமாகக் கேட்டாள்.

போன வாரம்தான் மலையேறிவிட்டு வந்தேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகுதான் மாமி ஏன் கேட்டாள் என்று யோசித்தார் போல. கை தாடைக்குப் போய்த் தடவிவிட்டுத் திரும்பியது.

வெளியே வந்ததும் மாமி சொன்னாள்: "தாடிக்கு மேல, தாடிக்குக் கீழன்னு முகத்தை ரெண்டு தவணையா வெயில்ல காய வெச்சிருக்கார். ஆனா கோர்ட்ல கன்னத்தைக் காட்டி ஜெயிக்க முடியுமோ?"

முடியாது. பழைய படம் வேண்டும்.

வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்த கம்பெனியில், அந்த எழுத்தை யார் எழுதியது என்று மாமி விசாரித்துப் பிடித்தாள். சுஜா என்று ஒரு பெண். அங்கே கான்ட்ராக்ட் முடிந்து, இப்போது சாலைக் கம்போளக் கடைவீதியில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் இருந்தாள். மிஷினை நிறுத்தாமலேயே பேசினாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சரிவுப் பாதை என்று எழுதினால் போதாதா? டிரைவர் சீட்டில் இருக்கிறவனின் வேட்டி நிறத்தை எதற்கு எழுதினாள்? யார் எழுதச் சொன்னது?

சுஜா வெட்கப்பட்டாள்.

"வரிக்குத்தான் கூலி, அங்கிள். ஜீப்புன்னு மட்டும் எழுதினா அரை வரி. அதான் கண்ணுல பட்டதை எல்லாம் எழுதிட்டேன். சாக்கு, வாளி, வேட்டி எல்லாம்."

மாமி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு ஆள் வளவளவென்று எழுதினால் என்ன நன்மை என்று இன்றுதான் தெரிந்தது என்றாள்.

இப்போது வெப்சைட்டில் இருக்கும் படத்தைக் காட்டினோம். நான் பார்த்து எழுதின படம் இது இல்லை என்று உடனே சொல்லிவிட்டாள். விபத்துக்குப் பிறகு வாரியத்திலிருந்து போன் வந்ததாம். அதே ஃபைல் பெயரில் வேறு படத்தைப் போடு என்று சொன்னார்களாம். பெயரை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினால் எழுத்து அப்படியே கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வசதி செய்து கொடுத்துவிட்டு, அதை யாராவது உபயோகிப்பார்கள் என்று ஒருத்தனும் நினைக்கவில்லை. அங்கேதான் நாகேஸ்வரன் வழுக்கினார்.

பழைய படம் இவளிடம் இல்லை. சிடியில் வந்தது, சிடியில் போய்விட்டது. நாங்கள் கிளம்பத் திரும்பியபோது, மிஷினில் காகிதம் சிக்கி, அதை இழுத்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள். திறப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிறவர் அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் கல்லாற்றுக்கு பஸ் ஏறினோம். மாமிக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் என்னை விடவில்லை. விழாவே நடக்கவில்லை, போர்டை இதற்குள் எரித்திருப்பார்கள் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷன் பணத்தை எறிவான், சோற்றை எறிவான், தண்ணீர் இறங்காத ஃபிளெக்சை இந்த மழை ஊரில் எறிய மாட்டான்.

ஆற்றங்கரையில் சரிவுப் பாதை பூட்டிக் கிடந்தது. விறகுக் கட்டுகளைப் புரட்டினோம். ஒரு ஆட்டுக் கொட்டகையில் ஏதோ கட்சி மாநாடு கிடைத்தது. கோழிக்கூட்டின்மேல் நகைக்கடைப் பெண் சிரித்தாள். நம் ஆள் எங்கும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்குப் பக்கத்தில் தாசம்மாள் என்கிற அம்மாளின் சாயாக் கடைக்குள் ஓடி ஒதுங்கினோம். வேர்வையும் மழையுமாக நான் பெஞ்சில் உட்கார்ந்து, இனி எங்கே போவது என்று தெரியாமல் தலையை அண்ணாந்தேன்.

கூரையில் எழுத்துப் பக்கம் உள்ளே பார்க்க ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அடுப்புப் புகையில் பாதி கறுத்திருந்தது. அதில் ஒரு வெள்ளை ஜீப்பின் மூக்கு தெரிந்தது.

கூரையைக் கழற்றக் கேட்டதும் தாசம்மாள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"மழை ஒழுகினா நீங்க வந்து குடை பிடிப்பியளா?"

புதுத் தார்ப்பாய் வாங்கிக் கட்டிவிட்டுத்தான் எடுப்போம் என்று மாமி சத்தியம் செய்தாள். அதற்கும் அவள் மசியவில்லை. காலை இழந்த ஒருவரின் விஷயம் என்று நான் சொன்னேன். அவள் கரண்டி இறங்கியது. அந்தச் சாயங்காலம் பிச்சைக்கனியைத் தூக்கி வேறொரு ஜீப் பிடித்து அனுப்பியவர்களில் அவளும் ஒருத்தியாம். அவளே ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்துக் கொடுத்தாள்.

மாமி ஈரத் துணியால் கரியைத் துடைத்தாள். முதலில் சரிவுப் பாதை வந்தது. அப்புறம் ஜீப். ஸ்டியரிங்கைப் பிடித்த கை, கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, தாடி. தாடிக்கு மேலே நாகேஸ்வரனின் சிரிப்பு. பின் சீட்டில் காக்கிச் சட்டையில் மகேஷ்குமார், இடமில்லாத இடத்தில் உட்கார்ந்தவன் மாதிரி ஒடுங்கிக்கொண்டு.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இன்னும் திருப்தி இல்லை. இது வேறொரு நாள் எடுத்தது என்று நாகேஸ்வரன் சொல்வார். நான் அவராக இருந்தால் அதைத்தான் சொல்வேன். ஆளைப் பிடித்துவிட்டோம், நாள் கைக்கு வரவில்லை.

துணியைப் பிடுங்கி மிச்சக் கரியையும் நானே துடைத்தேன். வாளியோடு ஒரு ஆள் வந்தார். ஈரச் சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு. சுஜா கூலிக்காக எழுதிச் சேர்த்த அந்தக் கூலிக்காரர். தாசம்மாள் குனிந்து பார்த்தாள்.

"அய்யோ, இது நம்ம பிச்சைக்கனி இல்லியா" என்றாள்.

அவர் கொடுத்த வாக்குமூலம் எனக்கு ஞாபகம் வந்தது. பிச்சைக்கனி இந்த ஊர் ஆள் இல்லை. விழிஞ்ஞத்தில் கட்டட வேலை பார்த்தவர். இங்கே வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று மாற்றாக ஒரே ஒரு நாள், அன்றைக்குத்தான் வந்தார். சாயங்காலம் ஜீப் இடித்தது. கல்லாற்றில் அவர் இரண்டு காலில் நின்ற நாள் அது ஒன்றுதான். இந்தப் படத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தேதி போட்ட போட்டோகூட இவ்வளவு சொல்லாது அண்ணாச்சி" என்றாள் மாமி. தாசம்மாளுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஃபிளெக்சோடு பஸ் ஏறினோம்.

வக்கீல் ஃபிளெக்சைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். சாயாவும் புகையும் மணத்தது என்று குமாஸ்தா முகம் சுளித்தாராம். போட்டோக்காரர் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது என்றார். சாயங்கால பூஜைக்குள் வீடு சேர்ந்து குளிக்க வேண்டும் என்று சார்தான் சாவியை வாங்கி ஓட்டினார் என்று மகேஷ் சொன்னதை இப்போது போலீஸ் உட்கார வைத்துக் கேட்டது. மகேஷ் வெளியே வந்தான். நாகேஸ்வரன் உள்ளே போனார்.

ஜெபமலர் வரச் சொன்னாள் என்று மறுபடி பாளையத்து மாடி ஏறினோம். மகேஷ்குமார் என் காலைத் தொட வந்தான், தள்ளி நின்றேன். முதலில் பொய்யை ஒப்புக்கொண்டவன்தானே, அது எனக்கு மறக்கவில்லை. ஜெபமலர் சிரிக்கவில்லை. உட்காருங்கள், இதைக் கேளுங்கள் என்றாள். விரல்கள் தட்டின.

"கிராஃபிக்" என்றது குரல். தட்டினாள். "கிராஃபிக்." மறுபடி தட்டினாள். "கிராஃபிக்."

வாரியத்தின் வெப்சைட். எல்லாப் படத்தின் எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். வம்பு வந்தது அந்த எழுத்தால்தானே, இனி எழுத்தே வேண்டாம் என்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அருவி, ஆறு, மலை, சரிவுப் பாதை எல்லாம் அவளுக்கு இப்போது ஒரே வார்த்தை. போன் செய்து கேட்டதற்கு, பராமரிப்பு நடக்கிறது, சீக்கிரம் திரும்பப் போடுவோம் என்றார்களாம். வெப்சைட்டிலேயே அறிவிப்பு இருக்கிறதாம், படமாக. அதையும் குரல் கிராஃபிக் என்றுதான் படித்தது.

"நான் விடமாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "தினமும் கூப்பிட்டுக் கேப்பேன். திருப்பிப் போடுவாங்க, இல்லியா?"

மாமி என்னைப் பார்த்தாள். ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்கிற பார்வை.

"போட மாட்டான்மா" என்றேன்.

"போடுவான்" என்றாள் ஜெபமலர். என் பக்கம் திரும்பாமலே அடுத்த பக்கத்தைத் தட்டினாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். மாமி வரவில்லை. வாரியத்துக்கு இங்கிலீஷில் என்ன எழுதலாம் என்று ஜெபமலரோடு உட்கார்ந்துவிட்டாள். எழுதட்டும். தெருமுனை திரும்பும்வரை மேலேயிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கிராஃபிக், கிராஃபிக். கரமனை பஸ் வந்தது. போர்டில் போட்டிருப்பதை நான் நம்பவில்லை. கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.